முப்பது வயது போர்தோ: திறப்பதற்கு முன்பும் திறந்த பின்பும்

பழைய பிரெஞ்சு சிவப்பு ஒயின் ஒன்று கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டிய வேலை, அதைத் திறக்காமல் இருப்பது. இருட்டான ஒரு மூலையில் நிமிர்த்தி வைத்துவிட்டு இரண்டு நாளாவது மறந்துவிட வேண்டும். ஒரு வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. முப்பது வருடம் அசையாமல் கிடந்த பாட்டிலைக் காரில் குலுக்கிக் கொண்டுவந்து, அன்று இரவே திறந்து ஊற்றிவிட்டு, "கலங்கலாக இருக்கிறது, கசக்கிறது, இதற்கா இவ்வளவு விலை?" என்று கேட்பவர்கள் நிறைய. குற்றம் பெரும்பாலும் ஒயினில் இருப்பதில்லை. முதல் வாய் பருகுவதற்கு முன்பே காரியம் கெட்டிருக்கும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல், குடிப்பதற்கு முன் செய்யும் வேலைகளைப் பற்றியது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். புது ஒயினில் பழகியவர்கள் பழைய ஒயின் என்றால் எல்லாம் இன்னும் அழுத்தமாக இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். நடப்பது நேர்மாறு. வயது ஏற ஏற நிறம் வெளுக்கும், பழச்சுவை ஒடுங்கும், துவர்ப்பு தணியும். அவை விலகிய இடத்தில் வேறு மணங்கள் தலைகாட்டும். மெல்லிய மணங்கள் அவை; வெப்பம், அவசரம், பக்கத்து அறை சாம்பிராணி எதுவும் அவற்றை அடித்துப் போட்டுவிடும்.

எந்த ஒயின்

பிரான்சில் முதுமைக்கென்றே செய்யப்படும் சிவப்பு ஒயின்கள் பல உண்டு. பர்கண்டியின் பினோ நுவார், ரோன் பள்ளத்தாக்கில் சிரா என்ற திராட்சையிலிருந்து வரும் எர்மிதாஜ், இப்படி. இங்கே எடுத்துக்கொள்வது தென்மேற்குப் பிரான்சின் போர்தோ வட்டாரத்தின் இடதுகரை, அதாவது ஜிரோந்த் கழிமுகத்தின் மேற்குப் பக்கமாக நீளும் மெடோக். சேன்-எஸ்தெஃப், போயாக், சேன்-ஜூலியன், மார்கோ ஆகிய ஊர்ப்பெயர்களை லேபிளில் தேடுங்கள். அங்கே நிலம் சரளைக்கல் மேடு. நீரை வடித்துவிடும், வெயிலின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தாமதமாகப் பழுக்கும் கேபர்னே சோவின்யோன் திராட்சைக்கு அது தோதான மண். சிறிய பழம், தடித்த தோல். ஒயினுக்குத் துவர்ப்பையும் நீண்ட ஆயுளையும் தரும் டானின் என்ற பொருள் அந்தத் தோலிலும் விதையிலும்தான் இருக்கிறது. எதிர்ப்புறம் வலதுகரையில் சேன்-எமிலியோன், பொமெரோல் பக்கம் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் அதிகம். அங்கே மெர்லோ திராட்சையின் ராஜ்ஜியம்.

லேபிளில் உள்ள அறுவடை ஆண்டைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இடதுகரைக்கு 1982, 1990, 1996, 2000 நல்ல ஆண்டுகள். 1998 வலதுகரைக்கு வாய்த்த ஆண்டு. 1996 கேபர்னேவுக்கு வாய்த்தது. 1991 ஏப்ரல் உறைபனியில் அடிபட்டது, 1992 மழையில் நனைந்தது, 1997 மெலிதாக வந்து எப்போதோ குடித்து முடித்திருக்க வேண்டியது. 2005, 2010 ஆகியவற்றின் பெரிய ஒயின்கள் பல இன்னும் இறுக்கமாகவே இருக்கின்றன. முதல்முறை சுவைப்பவருக்கு 1996 மெடோக் நல்ல பாடம். முதுமையின் அடையாளங்கள் எல்லாம் அதில் வந்துவிட்டன, உடம்பில் தெம்பும் மிச்சம் இருக்கிறது.

1855ல் பாரிஸ் கண்காட்சிக்காக மெடோக் பண்ணைகளை அன்றைய சந்தை விலையை வைத்து ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். அந்தப் பட்டியல் இன்றும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. 1973ல் மூத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியதுதான் பெரிய மாற்றம். புதிதாக வருபவர் முதல் படியைத் தொடவே வேண்டாம். விலை வானத்தில் இருக்கிறது, போலியும் அங்கேதான் அதிகம். ரூடி குர்னியவான் என்பவர் போலி ஒயின் விற்றதற்காக 2013ல் நியூயார்க்கில் குற்றவாளி என்று தீர்ப்பானார். அவர் வீட்டில் கட்டுக்கட்டாகப் போலி லேபிள்கள் கிடைத்தன. அவர் போன்றவர்கள் பெரிய பெயர்களைத்தான் குறிவைப்பார்கள். ஐந்தாம் படி என்றதும் தரம் தாழ்ந்தது என்று எண்ண வேண்டாம். போயாக்கின் லின்ச்-பாஜ் அந்தப் படியில்தான் இருக்கிறது.

பழையது எல்லாம் நல்லது என்ற நம்பிக்கையையும் இங்கேயே விட்டுவிடுங்கள். சாதாரண போர்தோ ஐந்தாறு வருடத்துக்குள் குடிக்க வேண்டியது. முப்பது வருடம் வைத்திருந்தால் கிடைப்பது புளித்த பழுப்பு நீர்.

பாட்டிலைப் படிப்பது

போர்தோ பாட்டிலுக்குத் தோள் உண்டு. வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்து, ஒயினின் மட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தக்கை வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஒயின் ஆவியாகிறது. போன இடத்தில் காற்று இருக்கும். முப்பது வயதுப் பாட்டிலில் மட்டம் கழுத்தின் அடியில் இருந்தால் அருமை. தோளின் மேல்பகுதியில் இருந்தால் வயதுக்கு இயல்பு. தோளின் நடுவில் என்றால் சூதாட்டம், விலை நன்றாகக் குறைந்தால் மட்டும் யோசிக்கலாம். அதற்கும் கீழே இறங்கியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பர்கண்டி பாட்டிலுக்குத் தோள் கிடையாது; அங்கே தக்கையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள்.

தக்கை பாட்டில் வாயைவிட மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ, கழுத்து உறையின் ஓரத்தில் ஒட்டும் கறை இருந்தாலோ, எங்கோ ஓரிடத்தில் பாட்டில் வெப்பம் கண்டிருக்கிறது. ஒயின் சூட்டில் விரிந்து தக்கையைத் தள்ளும், கசியும். லேபிளில் பூஞ்சைக் கறை, ஈரம் தின்ற ஓரம் இவையெல்லாம் குறையே இல்லை. ஈரப்பதமான நிலவறையில் ஒழுங்காகக் கிடந்ததற்கு நல்ல சாட்சி. பளபளவென்று புத்தம்புதிதாக இருக்கும் முப்பது வயது லேபிள்தான் சந்தேகத்துக்குரியது.

வைத்திருக்கும் இடம் 12 முதல் 14 டிகிரி செல்சியஸ், இருட்டு, அதிர்வில்லாமை, தக்கை காயாத அளவு ஈரம். பாட்டில் படுத்த நிலையில். பீரோவுக்குள்ளோ அடுப்பங்கரை அலமாரியிலோ நம் ஊர் வெயிலில் ஒரு கோடை கழித்தாலே நல்ல ஒயின் சமைத்த பழக்கூழ் மாதிரி ஆகிவிடும்.

நிமிர்த்துவதும் குளிர வைப்பதும்

வருடங்கள் போகப் போக டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று கோத்துப் பெரிய மூலக்கூறுகளாகி, கனம் தாங்காமல் கீழே படிகின்றன. அதுதான் மண்டி. உடம்புக்குக் கெடுதல் இல்லை; ஆனால் கசக்கும், வாயில் மணலாக நெருடும், மணத்தை மூடிவிடும். படுத்திருந்த பாட்டிலில் அது பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். நிமிர்த்தினால் மெல்ல வழுக்கி அடிக்கு இறங்கும். பெரிய செதில்கள் ஒரே நாளில் இறங்கிவிடும், மாவு போன்ற நுண்துகளுக்குத்தான் நாள் பிடிக்கும். பாட்டிலைத் திருப்பி மண்டி எந்தப் பக்கம் என்று பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

'அறை வெப்பத்தில் பரிமாறவும்' என்ற அறிவுரை, குளிர்காலப் பிரெஞ்சுக் கல்வீட்டின் அறையை மனதில் வைத்துச் சொன்னது. அந்த அறை 17, 18 டிகிரி இருந்தால் பெரிது. சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ அறை 30ஐத் தொடும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் ஏறும், மற்ற எதுவும் தெரியாது. அதிகக் குளிரிலும் ஆபத்து: 12 டிகிரிக்குக் கீழே மணம் சுருண்டுகொள்ளும், துவர்ப்பு முரட்டுத்தனமாகத் தெரியும். பழைய மெடோக்குக்கு 16 முதல் 18 சரியான இடம். பர்கண்டிக்கு 14 முதல் 16.

ஒயினுக்கெனத் தனி ஃப்ரிட்ஜ் இல்லாதவர்களுக்கு எளிய வழி இது. நிமிர்த்தி வைக்கும் அந்த இரண்டு நாளும் சாதாரண ஃப்ரிட்ஜின் உள்தட்டிலேயே நிற்கட்டும். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் குலுங்கும். திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன் மெல்ல வெளியே எடுத்து மேசையில் வையுங்கள். ஊற்றும்போது 15 டிகிரி இருந்தால் போதும், கிளாஸில் விழுந்தபின் மீதி இரண்டு மூன்று டிகிரி தானாகவே ஏறிவிடும். ஐஸ் வாளி வேகமாகக் குளிர்விக்கும்தான், ஆனால் வாளிக்குள் செருகி எடுக்கும் ஆட்டத்தில் மண்டி கிளம்பிவிடும்.

அறையும் கிளாஸும்

மல்லிகைப்பூ, அத்தர், ஊதுபத்தி, தாளிக்கும் கடுகு எதுவும் பக்கத்தில் வேண்டாம். சுவைப்பவர் அதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்தே காபி, வெற்றிலை, பற்பசை, புகையிலை தவிர்த்துவிடட்டும்.

கிளாஸ் முட்டை வடிவில், வாய் குறுகி, காம்புடன் இருக்க வேண்டும். தொழில்முறைச் சுவைப்பில் பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்தும் தரப்படுத்தப்பட்ட கிளாஸ் 215 மில்லிதான். பழைய போர்தோவுக்கு 400 முதல் 600 மில்லி இன்னும் வசதி. அதைவிடப் பெரிய மீன்தொட்டிக் கிளாஸ்களில் மெல்லிய மணம் சிதறிவிடும். எந்தக் கிளாஸானாலும் முதலில் வெறுமையாக முகர்ந்து பாருங்கள். அலமாரி மரம், அட்டைப்பெட்டி, பாத்திரம் தேய்க்கும் சோப்பு என்று ஏதாவது வாசனை வரும். வெந்நீரில் அலசிக் காற்றில் உலரவிட்டு, அப்புறம் ஏதாவது ஒரு சாதாரணச் சிவப்பு ஒயினை ஒரு ஸ்பூன் அளவு ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டால் கிளாஸ் தயார்.

ஒரு பாட்டில் 750 மில்லி. மண்டிக்கு 40, 50 போனால் எழுநூறு மிஞ்சும். ஒருவருக்கு 100 மில்லி வீதம் ஆறேழு பேருக்கு வரும். அந்தக் காலத்து மெடோக்கின் ஆல்கஹால் அளவு 12.5 சதவீதத்தை ஒட்டியிருக்கும். தனியாளாகக் குடித்தால் மூன்றாவது கிளாஸுக்கு மேல் மூக்கு வேலை செய்யாது, ஆகவே ஆள் சேர்ப்பது நல்லது.

தக்கை

பழைய தக்கை நனைந்த பிஸ்கட் மாதிரி. சாதாரணக் கார்க் ஸ்க்ரூவை நடுவில் குத்தி வெடுக்கென்று இழுத்தால் பாதி கையோடு வரும், மீதி தூளாகும்.

முதலில் கழுத்து உறை முழுவதையும் வெட்டி நீக்குங்கள், வாய்ப்பகுதியை மட்டும் நீக்கினால் போதாது. ஊற்றும்போது கழுத்துக்குள் பார்க்க வேண்டியிருக்கும். 1990களின் தொடக்கம் வரை இந்த உறைகள் ஈயத்தால் ஆனவை. எனவே பாட்டில் வாயை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். தக்கையின் தலையில் கரும்பூஞ்சை இருந்தால் பயம் வேண்டாம், அதையும் துடைத்தால் போகும்.

பழைய தக்கைக்கு ஏற்ற கருவி 'ஆ-சோ' எனப்படும் இரட்டைத் தகடு. நீளமான தகட்டைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே முதலில் நுழைத்து, பிறகு மற்றதை நுழைத்து, இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டிக்கொண்டே இறக்க வேண்டும். அடிவரை போனதும் முறுக்கிக்கொண்டே மேலே இழுத்தால் தக்கை முழுதாக வரும். ஆனால் தக்கை தளர்ந்திருந்தால் இதே கருவி அதை உள்ளே தள்ளிவிடும். விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அசைந்தால் தகட்டை விட்டுவிட்டு, நீண்ட திருகு கொண்ட கார்க் ஸ்க்ரூவை எடுத்து, தக்கையின் அடிவரை திருகி, பத்து வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற வேகத்தில் இழுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த கருவியும் கிடைக்கிறது. அடிக்கடி பழைய பாட்டில் திறப்பவர்களுக்கு அது தரும் நிம்மதி அதன் விலைக்குத் தகும்.

பாதியில் ஒடிந்தால், மீதித் தக்கையில் திருகைச் சாய்வாக நுழைத்து, கண்ணாடிச் சுவரோடு அழுத்தியபடி இழுக்கலாம். உள்ளே விழுந்தே விட்டாலும் குடி முழுகிப்போகாது. வெந்நீரில் அலசிய மெல்லிய மஸ்லின் துணியிலோ நுண்ணிய டீ வடிகட்டியிலோ ஊற்றி எடுத்துக்கொள்ளலாம். காபி ஃபில்டர் காகிதம் மட்டும் வேண்டாம். காகித வாசனை ஒயினில் ஏறும், சொட்டுச்சொட்டாக இறங்குவதற்குள் காற்றும் தேவைக்கு மேல் பட்டுவிடும்.

எடுத்த தக்கையை உணவகத்தில் முகர்ந்து பார்த்துத் தலையாட்டுவது வெறும் சடங்கு. பார்ப்பதில்தான் பயன்: பண்ணைப் பெயரும் ஆண்டும் அதில் அச்சாகியிருக்கும், லேபிளோடு ஒத்துப்போக வேண்டும். அடிப்பகுதி மட்டும் சிவந்திருந்தால் நலம். ஒரு பக்கம் தலைவரை கறை ஏறியிருந்தால் கசிவு, காற்றுப் பட்டிருக்கலாம்.

தெளிவை இறுத்தல்

புளியைக் கரைத்து வைத்து, மண் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் தெளிவை மட்டும் சாய்த்து எடுப்போமே, அதே வேலைதான். கள்ளின் தெளிவைப் பழந்தமிழ் 'தேறல்' என்றது. தெளிவு என்பதே அந்தச் சொல்லின் பொருள். யவனர் கொண்டுவந்த ஒயினையும் சங்கப் பாட்டு தேறல் என்றே அழைக்கிறது.

தேவையானது: ஒயினை மாற்றி ஊற்றச் சுத்தமான கண்ணாடிக் குடுவை, அதாவது டிகேன்டர், ஒரு விளக்கு. பழைய ஒயினுக்கு அடிப்பகுதி குறுகிய டிகேன்டர் நல்லது. கப்பல் போல் விரிந்தவை இளம் ஒயினுக்குக் காற்றூட்ட வைத்தவை. விளக்குக்குப் பழைய படங்களில் மெழுகுவத்தி இருக்கும், அழகுதான். செல்பேசியின் டார்ச்சை மேல்நோக்கி மேசையில் வைத்தால் அதைவிட நன்றாகத் தெரியும், கைவிரலும் சுடாது.

பாட்டிலின் தோள் விளக்குக்கு நேர் மேலே வரும்படி பிடித்து, ஒரே சாய்வில் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். இதில்தான் எல்லாரும் தவறுவது: பாதியில் நிமிர்த்தி மூச்சு வாங்குவார்கள். அந்த ஓர் அசைவில் பின்னோக்கி அடிக்கும் அலை மண்டியைக் கிளப்பிவிடும். நூலளவு ஓட்டமாக, டிகேன்டரின் உள்சுவரில் வழியும்படி ஊற்றினால் இரண்டு மூன்று நிமிடம் ஆகும். முக்கால் பாட்டில் வரை ஒன்றும் தெரியாது. பிறகு தோளில் புகை போல ஒரு கீற்று கழுத்தை நோக்கி நகரும். அது கழுத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம் இருக்கிறதே" என்று சாய்க்கும் கடைசி 20 மில்லி முழு டிகேன்டரையும் கலக்கிவிடும். மிச்சத்தை வேண்டுமானால் ஆட்டிறைச்சிக் குழம்பில் ஊற்றலாம். பிரெஞ்சுச் சமையல்காரரும் அதைத்தான் செய்வார்.

எவ்வளவு நேரம் முன்னால் இறுப்பது என்பதில் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. போர்தோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஒயின் ஆய்வாளர் எமில் பெய்னோ, மண்டி இருந்தால் மட்டும் இறுக்கலாம், அதையும் மேசைக்குப் போகும் தறுவாயில் செய்தால் போதும் என்ற கட்சி. காற்று பட்டு மணம் கூடுவதைவிடக் குறைவதே அதிகம் என்பது அவர் வாதம். பழைய ஒயின் சேகரிப்பாளர் பிரான்சுவா ஒதூஸ் வேறு வழி சொல்கிறார்: இறுக்கவே வேண்டாம், நான்கைந்து மணி நேரம் முன்பே தக்கையை மட்டும் எடுத்துவிட்டு, கழுத்தளவு பரப்பில் படும் காற்றே போதும் என்று விட்டுவிடுங்கள் என்கிறார். தொடக்கக்காரருக்கு எங்கள் சிபாரிசு இரண்டுக்கும் நடுவில். தக்கையை எடுத்ததும் ஒரு தேக்கரண்டி ஊற்றி முகருங்கள். மணம் திறந்து வந்தால் பரிமாறும் தறுவாயில் இறுங்கள். மூடிக்கொண்டு, புழுங்கிய வாசனையாக இருந்தால் அரை மணி முன்னதாக இறுக்கலாம். நாற்பதைத் தாண்டிய ஒயினை ஒருபோதும் காத்திருக்க வைக்க வேண்டாம், கிளாஸிலேயே விரியட்டும்.

டிகேன்டர் இல்லையென்றால் எல்லாக் கிளாஸ்களையும் வரிசையாக வைத்து, பாட்டிலை நிமிர்த்தாமல் ஒரே ஓட்டத்தில் ஊற்றிவிடலாம். முதல் கிளாஸும் கடைசிக் கிளாஸும் கொஞ்சம் வேறாகத்தான் இருக்கும், சண்டை போடக் கூடாது.

பார்ப்பது, முகர்வது, பருகுவது

முதலில் 60, 70 மில்லி மட்டும். கிளாஸை வெள்ளைக் காகிதத்தின் மேல் நன்றாகச் சாய்த்து, நடுவையும் விளிம்பையும் தனித்தனியே பாருங்கள். இளம் கேபர்னே மை நீலம் கலந்த ஊதாச் சிவப்பு. விளிம்பு வரை ஒரே நிறம். முப்பது வயதில் நடுப்பகுதி மாதுளைச் சிவப்பாகவும், விளிம்பு செங்கல் நிறமாகவும், கடைசி ஓரம் நீர் போலவும் இருக்கும். அந்தச் செங்கல் வளையம் விரலகலம் இருந்தால் கவலையில்லை. நடுவே பழுப்பேறி, தேநீர் டிகாக்ஷன் போல மங்கியிருந்தால் காலம் கடந்துவிட்டது. ஒளி ஊடுருவித் துலங்குகிறதா என்றும் பாருங்கள். மங்கல் என்றால் மண்டி கலந்திருக்கிறது.

அடுத்து மூக்கு. சுழற்றாமல் முதல் முகர்வு. இதைப் பலர் தாண்டிப்போகிறார்கள். மிக மெல்லிய, முதலில் பறந்துபோகும் மணங்கள் இந்த ஒரு தடவைதான் கிடைக்கும். பிறகு கிளாஸை மேசையில் வைத்தபடியே இரண்டு சுற்று, மறுபடி முகர்வு. வேகமாகச் சுழற்றி விளாச வேண்டாம்.

என்ன தேடுவது? முன்னே பழம், ஆனால் புதுப்பழம் அல்ல: உலர்ந்த அத்தி, உலர் பிளம், பழைய திராட்சை வற்றல். அதற்குப் பின்னால் மரம். சீவிய பென்சில், தேவதாரு, சுருட்டுப் பெட்டி. போயாக்கின் கையெழுத்து என்று சொல்லுமளவுக்கு இந்த வாசனை அங்கே வரும். அதற்கும் அடியில் மண்: மழை நின்ற பிறகு மட்கிய இலைப்படுகை, காளான், புதுத் தோல் செருப்பு, புகையிலைச் சருகு. பச்சைக் குடமிளகாயின் சாயல் வந்தால் வியக்க வேண்டாம். கேபர்னே பழத்திலேயே இருக்கும் பைரசின் என்ற பொருள் அது; பழுக்காத ஆண்டுகளில் தூக்கலாக இருக்கும். இத்தனையும் ஒரே நேரத்தில் தெரியாது. ஒரு முகர்வுக்கு ஒன்றைப் பிடித்தால் போதும். பெயர் வராவிட்டால் "பாட்டி வீட்டு மரப்பெட்டி" என்று எழுதிவையுங்கள். இரவல் வாங்கிய பிரெஞ்சுச் சொல்லைவிட அது உங்களுக்கு உதவும். மூக்கு சீக்கிரம் களைக்கும், களைத்தால் உங்கள் முழங்கைத் தோலை முகர்ந்து மீட்டுக்கொள்ளலாம்.

பிறகு வாய். 10 மில்லி அளவு எடுத்து, உடனே விழுங்காமல் பத்துப் பன்னிரண்டு வினாடி நாக்கின் மேலும் ஈறிலும் உருட்டுங்கள். உதட்டைக் குவித்து ஒரு சிறு மூச்சை உள்ளே இழுத்தால் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். சத்தம் வரும், பரவாயில்லை. மூன்றைக் கவனியுங்கள்.

புளிப்பு: தாடையின் இரு பக்கமும் எச்சில் ஊறும் வேகத்தில் தெரியும். ஒயினுக்கு உயிர் கொடுப்பது அதுதான். அது இல்லாத பழைய ஒயின் சவசவத்துவிடும். அடுத்தது துவர்ப்பு. அறுசுவையில் அதற்குத் தனி இடம் கொடுத்து வளர்ந்த நாக்குக்கு இது எளிது. டானின் உமிழ்நீரின் புரதத்தோடு பிணைந்து அதன் வழவழப்பை எடுத்துவிடுகிறது, அதனால் வாய் வறண்டு இழுக்கிறது. இளம் போயாக் கடுக்காயைக் கடித்தாற்போல ஈறைப் பிடிக்கும். நன்றாக முதிர்ந்ததில் அதே துவர்ப்பு இருக்கும், ஆனால் சொரசொரப்பு போய்ப் பட்டுத்துணி உரசுவது போல ஆகியிருக்கும். துவர்ப்பையும் கசப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கசப்பு நாக்கில் தெரிவது, துவர்ப்பு வாய் முழுக்க உணர்வது. பழம் எல்லாம் உலர்ந்துபோய்த் துவர்ப்பு மட்டும் மிஞ்சியிருந்தால், அந்த ஒயின் தன் டானினுக்கு முன்னே செத்துவிட்டது என்று அர்த்தம். 1970களின் சில மெடோக்குகளில் இதைக் காணலாம்.

மூன்றாவது நீட்சி. விழுங்கியபின், அல்லது துப்பியபின், மணம் எத்தனை வினாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வினாடியை ஒரு 'கோதாலி' என்று கணக்கிடுவார்கள். சாதாரண ஒயினில் மூன்று நான்கோடு முடியும். நல்ல முதிர்ந்த மெடோக்கில் பத்தைத் தாண்டும். எண்ண வேண்டியது மணத்தை மட்டும். ஆல்கஹாலின் எரிச்சல் கணக்கில் சேராது.

குறிப்பு எழுதிவிட்டு கிளாஸை வைத்துவிடுங்கள். பத்து நிமிடம், அரை மணி, ஒரு மணி என்று திரும்பத் திரும்ப வாருங்கள். முதலில் புழுங்கல் வாசம் அடித்தது இருபது நிமிடத்தில் தேவதாருவாக விரிவதும், ஒரு மணிக்கு மேல் மெல்ல மங்குவதும் நடக்கும். எந்தப் பாட்டில் எப்போது உச்சத்தில் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அதே பெட்டியில் வந்த பக்கத்துப் பாட்டிலே வேறு மாதிரி நடக்கும்.

கெட்டதா, மூடியிருக்கிறதா

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிக் கிடந்த கிடங்கு வாசனை வந்து, பழமே தெரியாமல் வாய் வெறிச்சென்று இருந்தால் தக்கை நோய். ட்ரைகுளோரோஅனிசோல் என்ற பொருள் தக்கையிலிருந்து இறங்கியிருக்கிறது; லிட்டருக்குச் சில நானோகிராமே போதும். காத்திருந்தால் குறையாது, ஏறும். மருந்து கிடையாது. ஆனால் மட்கிய இலை வாசனைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு: இலை வாசனையில் உயிர்ப்பு இருக்கும், பின்னால் பழம் வரும்.

தீக்குச்சி, அழுகிய முட்டை வாசனை என்றால் கந்தகச் சேர்மம். பல நேரம் காற்று பட்டதும் போய்விடும், கால் மணி பொறுங்கள். குதிரை லாயம், மருந்துப் பட்டி வாசனைக்கு பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் காரணம். பழைய போர்தோக்களில் இது அரிதல்ல. மெலிதாக இருந்தால் ரசிப்பவர்கள் உண்டு, தூக்கலானால் குறை. நகப்பூச்சு நீக்கி, காடி நெடி: எளிதில் ஆவியாகும் அமிலம் மிஞ்சிவிட்டது. அடிபட்ட ஆப்பிள், உலர்ந்த கொட்டை வாசனையோடு நிறமும் பழுத்திருந்தால் காற்று புகுந்த ஒயின், அதற்கு மீட்சி இல்லை. ஜாம் காய்ச்சிய வாசனை மட்டும் வந்தால் வெயிலில் பயணம் செய்த பாட்டில்.

பக்கத்தில் என்ன சாப்பிடுவது

போயாக் ஊருக்கே பெயர்போன பாலாட்டுக்குட்டி இறைச்சி உண்டு. உப்பு, கொஞ்சம் மிளகு, பூண்டு போட்டு ஓவனில் சுட்டது இந்த ஒயினுக்குப் பிறந்த ஜோடி. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும், ஒயின் இளகும். காளான் வதக்கல், கோந்தே போன்ற கெட்டியான பாலாடைக்கட்டி, வெறும் ரொட்டி எல்லாம் ஒத்துப்போகும். நீலப்பூஞ்சைப் பாலாடைக்கட்டியும் காடி ஊற்றிய சாலடும் அதைக் கொன்றுவிடும்.

மட்டன் சுக்காவோடு சுவைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நேரான பதில்: வேண்டாம். மிளகாயின் காரம் ஆல்கஹாலின் எரிச்சலையும் துவர்ப்பையும் தூக்கிக் காட்டும், முப்பது வருட மணம் மசாலாவில் கரைந்துபோகும். சுக்காவுக்குக் குளிர்ந்த இளம் ஒயின் நூறு வகை இருக்கிறது. பழைய போர்தோவை முதல் அரை மணி நேரம் வெறும் ரொட்டியோடு மட்டும் வைத்துப் பாருங்கள், சாப்பாடு பிறகு வரட்டும்.

மிஞ்சினால் சிறு பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மூடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஆனால் மறுநாள் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வைப்பதற்கு நல்லது வேறொன்று: குடித்து முடித்த கிளாஸ் ஒன்றை அன்றிரவு கழுவாமல் மேசையிலேயே விட்டுவிடுங்கள். ஆல்கஹால் முழுதும் பறந்துபோன பின், காலையில் காய்ந்த கிளாஸின் அடியில் சுருட்டுப் பெட்டியும் தேவதாருவும், அதற்கு முன்தினம் பெயர் வைக்கத் தெரியாமல் விட்ட ஏதோ ஒன்றும் தனித்தனியாக நிற்கும். குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டு கழுவுங்கள்.